சீனத் தகட்டுக்கு நாமும் வரி போட வேண்டுமா?

குமரன்_ஃபீனிக்ஸ்

அமெரிக்கா அலுமினியத்துக்கு 2025 மார்ச்சில் 25% வரி என்றது. ஜூன் 4 முதல் அதையே 50% ஆக்கிவிட்டது. இப்போது இங்கே தென்னாப்பிரிக்காவிலும் அதே பாட்டு: நம் ஆலைகளைக் காப்பாற்ற, சீனாவிலிருந்து வரும் அலுமினியத்துக்கு வரியை ஏற்று. பக்கத்து நாடான மொசாம்பிக்கின் மொசால் அலுமினிய உருக்காலையை 2026 மார்ச்சில் நிறுத்தப்போவதாக, அதை நடத்தும் சவுத்32 கம்பெனி 2025 ஆகஸ்டில் அறிவித்ததிலிருந்து இந்தக் குரல் இன்னும் கூடியிருக்கிறது.

நான் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஜன்னல், ஸ்லைடிங் டோர், ஷவர் கதவு செய்கிறவன். வாடிக்கையாளர் வாட்ஸாப்பில் மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்துக்கொண்டு, 200 ரான்ட் குறைத்தவரிடம் போய்விடுவார். என் விலையில் பெரும்பங்கு புரொஃபைலுக்கும் (சட்டம் செய்ய வெட்டும் நீள அலுமினியம்) கண்ணாடிக்கும் போகிறது. புரொஃபைல் விலை ஏறினால் அதை யார் தலையில் கட்டுவது? ஒரு பெரிய ஆலை பிழைக்க என் மாதிரிப் பட்டறைகள் சாக வேண்டுமா? வரி வேண்டும் என்கிறவர்கள் பதில் சொல்லுங்கள்.

செல்வி_மாரிட்ஸ்பர்க்

குமரன் அண்ணே, அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோம். நான் உலோக வியாபாரத்தில் கணக்கு பார்க்கிறவள், தினமும் இந்த விலைப் பட்டியல்களோடுதான் என் பிழைப்பு.

சீனா கச்சா அலுமினியக் கட்டியை வெளியே அனுப்ப 15% ஏற்றுமதி வரி வாங்குகிறது. அதே கட்டியைத் தகடாகவோ ஃபாயிலாகவோ ஆக்கி அனுப்பினால், 2024 நவம்பர் கடைசி வரை 13% வரியைத் திருப்பிக் கொடுத்தது. உலோகம் உள்ளேயே தங்கட்டும், உருட்டுகிற வேலையும் நம்மிடமே இருக்கட்டும் என்ற கணக்கு அது. 2024 டிசம்பர் 1 முதல் அந்த 13% ரத்து. ஆனால் அந்தச் சலுகையை நம்பிக் கட்டிய உருட்டாலைகள் எல்லாம் அங்கேயேதானே நிற்கின்றன? 2019-இல் ஓஇசிடி (வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) 17 அலுமினியக் கம்பெனிகளை ஆராய்ந்தது. 2013 முதல் 2017 வரை அவற்றுக்குக் கிடைத்த அரசு உதவி 7,000 கோடி டாலர் வரை போகிறது என்றது. பெரும்பகுதி சீனக் கம்பெனிகளுக்கு.

இன்னொன்று. சீனத் தகட்டுக்கு அமெரிக்கா 2019 வாக்கில் பொருள்குவிப்பு வரி (அநியாய மலிவில் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி) போட்டது. அந்த இடத்தை மற்ற நாடுகள் நிரப்பின. உடனே 2021-இல் 16 நாடுகள் மேல் அதே வரி. இந்தியா அதில் உண்டு, தென்னாப்பிரிக்காவும் உண்டு. 2025-இல் அதற்கு மேல் 50%. அமெரிக்கக் கதவு இப்படி மூடினால் அந்தத் தகடு எங்கே போகும்? கதவு இறுக்கமாக இல்லாத நம் வீட்டுக்குத்தான். குளிர்பான டின்னுக்குத் தகடு உருட்டும் ஹுலமின் ஆலை எங்கள் ஊர் பீட்டர்மாரிட்ஸ்பர்கில்தான் இருக்கிறது. அது படுத்தால் நாளைக்கு டின் தகட்டுக்கும் கப்பலைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

ஜோபர்க்_நாதன்

இரண்டு பேருமே வேறு வேறு விஷயங்களை ஒரே சாக்கில் கட்டுகிறீர்கள்.

உலகில் உருக்கப்படும் அலுமினியத்தில் கிட்டத்தட்ட 60% சீனாவுடையது, 2024-இல் சுமார் 4.3 கோடி டன். சரி. ஆனால் உருக்கும் திறனுக்கு 2017-லேயே 4.5 கோடி டன் என்று அவர்களே உச்சவரம்பு வைத்துவிட்டார்கள், இப்போது அதை நெருங்கியும் விட்டார்கள். மிச்சத் திறன் இருப்பது தகடு உருட்டுவதிலும், அச்சில் தள்ளிப் புரொஃபைல் செய்யும் எக்ஸ்ட்ரூஷனிலும். அந்த அளவுக்குச் செல்வி சொல்வது சரி. ஆனால் மொசாலைச் சீனா மூடவில்லை. மின்சாரம்தான் காரணம். மொசாம்பிக்கின் கஹோரா பாஸா அணை மின்சாரம், நம் அரசு மின்கம்பெனியான எஸ்காம் வழியாக அங்கே போய்க்கொண்டிருந்தது. அந்த ஒப்பந்தம் 2026 மார்ச் வரைதான், புது விலை படியவில்லை. நீங்கள் 100% வரி போட்டாலும் அதில் ஒரு மெகாவாட் கூட வராது.

ரிச்சர்ட்ஸ் பேயின் ஹில்சைடு உருக்காலை பற்றியும் யோசியுங்கள். பழைய ஒப்பந்தத்தில் மின்விலை அலுமினிய விலையோடும் டாலரோடும் கட்டப்பட்டிருந்தது. நீதிமன்றம் போய்த்தான் 2013-இல் அந்த விவரமே வெளியே வந்தது. புது ஒப்பந்தத்துக்கு மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் ஆணையமான நெர்சா 2021-இல் ஒப்புதல் கொடுத்தது, 2031 வரை. எஸ்காம் கட்டணத்துக்கு 2023-இல் 18.65%, 2025 ஏப்ரலில் 12.74% உயர்வு. ஹில்சைடுக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை. அதற்கு மேல் வரி என்ற பெயரில் இன்னொரு தடவை நம் பையிலிருந்தே எடுக்க வேண்டுமா?

மேட்டூர்க்காரன்

நாதன் சார், மின்சாரம்தான் விஷயம் என்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலிவாகக் கொடுப்பது தர்மம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது வியாபாரம்.

உருக்காலைக்குள் போனவர்களுக்குத் தெரியும். வரிசையாக நூற்றுக்கணக்கான தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 950, 960 டிகிரியில் உருகிய குழம்பு. மேலே மின்சாரம் பாய்ச்சும் கார்பன் கட்டி (ஆனோடு), பாக்சைட் தாதுவிலிருந்து எடுத்த அலுமினாத் தூளைக் கொட்டக் கொட்ட அடியில் உலோகம் சேரும். தொட்டிக்குப் பக்கத்தில் காந்தப்புலம் அவ்வளவு பலம், சட்டைப் பையில் ஏடிஎம் கார்டு வைக்காதே என்பார்கள். ஒரு டன் உலோகத்துக்கு 13 முதல் 15 மெகாவாட்-மணி மின்சாரம் வேண்டும். சில மணி நேரம் மின்சாரம் நின்றால் குழம்பு இறுகிவிடும், அப்புறம் ஜாக்ஹாம்மர் வைத்து உடைத்து எடுக்க வேண்டியதுதான். அதனால் உருக்காலை நடுராத்திரியிலும், ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரே அளவு மின்சாரம் வாங்கும். அந்த நேரத்தில் வேறு யார் வாங்குகிறார்கள்? கிரிட் தடுமாறும்போது கொஞ்ச நேரம் இவர்களை நிறுத்திவைக்கவும் ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது. விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சொந்த ஊர்க் கதை ஒன்று. மேட்டூரில் மால்கோ அலுமினிய ஆலை 1960-களில் வந்தது. ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட். 2008 கடைசியில் உலக விலை சரிந்தபோது உருக்குவது நின்றது. அனல் மின்நிலையம் மட்டும் ஓடியது. உலோகத்தைவிட மின்சாரத்தை விற்பதில் காசு. கணக்கு சரிதான், ஆனால் தொட்டி வரிசையை ஒருமுறை அணைத்துவிட்டால் திரும்ப ஏற்றுவது சுலபமில்லை.

செல்விக்கும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்கா 2018-லேயே 10% வரி போட்டது. ஒரு காலத்தில் அங்கே முப்பதுக்கும் மேல் உருக்காலைகள், இன்று ஓடுவது நான்கு. 2024-இல் அந்த நாடு முழுக்கச் செய்தது சுமார் 6.7 லட்சம் டன். ஹில்சைடு ஒன்றின் திறனே 7.2 லட்சம் டன். வரியால் உருக்காலை முளைக்கும் என்றால் அங்கே முளைத்திருக்க வேண்டும்.

ஆயா_வீட்டுப்_பேரன்

எல்லாம் சரி, புரட்டாசி அன்னதானத்துக்குக் கோயிலில் பெரிய அலுமினிய அண்டா வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதே வாங்கலாமா, விலை இறங்குமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

குமரன்_ஃபீனிக்ஸ்

பேரா, இப்போதே வாங்கு. இவர்கள் பேசி முடிப்பதற்குள் புரட்டாசி போய்விடும்.

செல்வி, அமெரிக்கக் கணக்கைக் கொஞ்சம் தொடர்ந்து பாருங்கள். அங்கே போகும் அலுமினியத்தில் பாதிக்கு மேல் கனடாவிலிருந்து. வரியைச் செலுத்துவது அங்கே இறக்குமதி செய்கிறவர். லண்டன் உலோகச் சந்தை விலைக்கு மேல் அவர்கள் கொடுக்கும் கூடுதல் தொகை (மிட்வெஸ்ட் பிரீமியம்) எகிறியிருக்கிறது. கடைசியில் அங்கே டின் செய்கிறவனும் ஜன்னல் செய்கிறவனும் கட்டுகிறான். இங்கே மட்டும் வேறு மாதிரி நடக்குமா?

இன்னொரு வேடிக்கை. புரொஃபைல் வெட்டும்போது துண்டு விழும். மெஷினுக்குப் பக்கத்தில் டிரம்மில் போட்டு வைப்போம், நிறைந்தால் காயலான் கடைக்காரர் எடுத்துப்போவார். 2013-லிருந்து பழைய உலோகத்தை முதலில் உள்ளூர் ஆலைக்குக் குறைந்த விலையில் காட்ட வேண்டும் என்ற விதி. 2021-இல் ஏற்றுமதி வரியும் சேர்ந்தது. அதனால் என் துண்டுக்குக் கிடைக்கும் காசும் குறைவு. வாங்கும்போது வரி, விற்கும்போது தடை. இரண்டு பக்கமும் நான்தான் கொடுக்கிறேன், பெயர் மட்டும் "உள்ளூர்த் தொழில் பாதுகாப்பு". என் பட்டறை உள்ளூர் இல்லையா?

செல்வி_மாரிட்ஸ்பர்க்

அந்தத் துண்டு கப்பலேறிப் போய்த் தகடாகத் திரும்பி வந்தால் உங்களுக்குச் சந்தோஷமா அண்ணே? இங்கேயே உருகினால்தானே இங்கே வேலை. இங்கே கிடைக்காத சரக்கு என்றால் ரிபேட் (வரித் தள்ளுபடி) கேட்கலாம், அதற்கு வழி இருக்கிறது.

குமரன்_ஃபீனிக்ஸ்

ரிபேட் படிவத்தை நிரப்ப ஆள் வைத்திருப்பவர் யார், நானா? நான் ஒரு கையால் ரம்பம் பிடித்து மறு கையால் வரி ரிட்டர்ன் போடுகிறவன்.

ஜோபர்க்_நாதன்

ஒருவரும் தொடாதது ஐரோப்பா. 2026 ஜனவரி 1 முதல் அவர்களுடைய கார்பன் எல்லை வரி (சரக்கைச் செய்யும்போது வந்த கரிப்புகைக்காக இறக்குமதியில் வாங்குவது) முழுதாக அமல், அலுமினியமும் அதில் உண்டு. இப்போதைக்கு அலுமினியத்துக்கு ஆலையில் நேரடியாக வரும் புகையை மட்டும்தான் எண்ணுகிறார்கள், மின்சாரத்தின் புகையை எண்ணவில்லை. அதையும் எண்ணினால் நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் ஹில்சைடு எங்கே நிற்கும்? சீனா உருக்காலைகளில் ஒரு பங்கை யுன்னான் மாகாணத்து நீர்மின்சாரத்துக்கு மாற்றி வருகிறது. வறட்சி வந்தபோது அங்கேயும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருந்தது, அது வேறு கதை. நாம் இங்கே தகட்டு வரிக்குச் சண்டை போடுகிறோம்.

மேட்டூர்க்காரன்

அதனால்தான் சொல்கிறேன், அணை மின்சாரத்தில் ஓடிய மொசால் நிற்பதும் நிலக்கரியில் ஓடும் ஹில்சைடு ஓடுவதும் தலைகீழ்.

செல்வி_மாரிட்ஸ்பர்க்

2031-இல் ஹில்சைடு ஒப்பந்தம் முடியும்போது உருட்டாலைகள் இங்கே இருந்தால்தான் அந்த உலோகத்துக்கு உள்ளூரில் ஆள் இருக்கும். உருட்டாலையே போய்விட்டால் "ஏற்றுமதிக்கு மட்டும் எதற்கு மலிவு மின்சாரம்" என்று நாதனே முதலில் கேட்பார். தகட்டுக்கு மட்டுமாவது வரி ஏற்றட்டும். உங்கள் புரொஃபைலை விட்டுவிடலாம் அண்ணே.

குமரன்_ஃபீனிக்ஸ்

இன்று தகடு என்பீர்கள். அடுத்த வருஷம் எக்ஸ்ட்ரூஷன் ஆலைக்காரர்கள் "எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை" என்று வந்து நிற்பார்கள். விண்ணப்பம் கெசட்டில் வந்தால் கருத்துச் சொல்ல, இறக்குமதி வரி விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசு ஆணையமான ஐடாக் நான்கு வாரம் கொடுக்கும். நான் எதிர்த்து எழுதப்போகிறேன். கடிதத்தை யாராவது ஒரு தடவை படித்துத் திருத்திக் கொடுத்தால் புண்ணியம்.

மேட்டூர்க்காரன்

அனுப்புங்கள், பார்க்கிறேன். மின்சாரத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தால்தான்.