கணிதப் பட்டதாரி நான், பி.ஏ. தமிழ் கூடுதல் பட்டத்தை ஓராண்டில் முடிக்கலாமா?

வந்தவாசி ஆசிரியை:
பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் பணிபுரிகிறேன். எம்.எஸ்சி. கணிதம் தொலைநிலையில் இரண்டாம் ஆண்டு. ஆனால் மனம் முழுவதும் தமிழில்தான் இருக்கிறது. முதுகலைத் தமிழாசிரியராக வேண்டும். நேராக எம்.ஏ. தமிழ் படித்தால் ‘கிராஸ் மேஜர்’, அதாவது இளங்கலை ஒரு பாடம், முதுகலை வேறு பாடம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்கிறார்கள். ஒரு படிப்பு மையத்தில், “உங்களுக்கு ஓராண்டு கூடுதல் பட்டமே போதும்” என்றார்கள். நம்பிப் பணம் கட்டலாமா? எம்.எஸ்சி. முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
கட்டாதீர்கள் அம்மா.

ஓராண்டுப் பட்டத்தின் கணக்கு இதுதான்: பகுதி 1 தமிழும் பகுதி 2 ஆங்கிலமும் முதல் பட்டத்திலேயே தேறிவிட்டீர்கள், ஆகவே பகுதி 3 முதன்மைப் பாடத் தாள்களை மட்டும் எழுதினால் போதும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். படித்தவர்களும் உழைத்துத்தான் எழுதினார்கள். ஆனால் பதவி உயர்வு என்று வந்தபோது, மூன்றாண்டு படித்தவர்களும் இவர்களும் எதிரெதிரே நின்றார்கள். ‘இரட்டைப் பட்ட வழக்கு’ என்று ஆசிரியர்கள் இன்றும் பேசுவது அதைத்தான். சென்னை உயர்நீதிமன்றம் ஓராண்டுப் பட்டத்தை மூன்றாண்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்கவில்லை. இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2003ஆம் ஆண்டு விதி. எங்கள் ஒன்றியத்தில் நல்ல ஆசிரியர் ஒருவர் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வகுப்பெடுத்தால் பின்வரிசைப் பையனும் கவனிப்பான். அவருக்கு நேர்ந்தது இன்றும் எனக்கு ஆறவில்லை.

முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்பதும் உண்மை. எனவே முழு மூன்றாண்டு பி.ஏ. அல்லது பி.லிட். தமிழில் சேருங்கள். பிறகு எம்.ஏ. வயதும் பணமும் கரைகிறதே என்று தோன்றும், தோன்றட்டும். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் நிற்கும்போது உங்கள் பக்கம் பேச அந்த மூன்றாண்டு மதிப்பெண் பட்டியல்கள்தான் இருக்கும்.

பல்கலைக்கழக அலுவலர்:
காத்திருக்க வேண்டியதில்லை சகோதரி. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நெறிமுறைப்படி இரண்டு படிப்புகளை ஒரே நேரத்தில் படிக்கலாம். இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது. ஒன்று நேரடி, ஒன்று தொலைநிலை என்றும் படிக்கலாம். உங்களைப் போல இரண்டும் தொலைநிலையாகவும் இருக்கலாம். முனைவர் பட்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது.

பணம் கட்டுமுன் ஒன்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தால் போதாது. நீங்கள் சேரும் கல்வியாண்டில் அந்தப் பாடத்துக்கே தொலைநிலை அனுமதி இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். சேர்வதற்கு அந்தப் பிரிவின் அடையாள எண்ணும் வேண்டும். அதை நீங்களே உங்கள் கைபேசி எண்ணில் உருவாக்குங்கள், மையத்துக்காரரிடம் விடாதீர்கள்.

வந்தவாசி ஆசிரியை:
ஐயா, அந்த ஆசிரியரைப் பற்றிப் படித்ததும் மையத்துக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாண்டு பி.லிட்.தான் என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு படிப்புக்கும் தேர்வு ஒரே நாளில் விழுந்தால் என்ன செய்வது?

பல்கலைக்கழக அலுவலர்:
இரண்டையும் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தாலும் அது நடக்கலாம். யாரும் தேதியை மாற்றித் தர மாட்டார்கள். எம்.எஸ்சி. இறுதியாண்டுத் தாளை எழுதுங்கள், பி.லிட். தாளை அடுத்த தேர்வில் எழுதிக்கொள்ளலாம்.