இரு குரலில் எது முதற்குரல்? ‘பீஸ் ஓர் லவ்’ அல்பத்தைக் கேட்டவர்களிடம் ஒரு கேள்வி

கொக்குவில் திண்ணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நோர்வேயைச் சேர்ந்த ‘கிங்ஸ் ஒஃப் கொன்வீனியன்ஸ்’ என்னும் கிற்றார்ப் பாடகர் இருவரின் (எய்ரிக், எர்லென்ட்) ‘பீஸ் ஓர் லவ்’ என்னும் அல்பம் 2021 யூன் 18ஆம் திகதி வெளிவந்தது. கொரோனாவால் இலங்கை முழுவதும் இருந்த பயணத்தடை நீங்குவதற்கு மூன்று நாள்கள் முன்னதாக அது என் கைபேசிக்கு வந்து சேர்ந்தமையால், படலையைத் தாண்ட முடியாத அந்த மூன்று நாள்களிலும் பதினொரு பாடல்களையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். தடை நீங்கிய பின்னரும் விட்டபாடில்லை.

2009இல் வந்த அவர்களுடைய முந்தைய அல்பத்துக்கும் இதற்கும் இடையே 12 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. ஐந்து ஆண்டுகளாக ஐந்து நகரங்களில் ஒலிப்பதிவு செய்தார்களாம். இத்தனை பாடுபட்டும், கேட்கும்போது யாரோ இருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்திருந்து, அயல்வீட்டுக் குழந்தை எழும்பிவிடக் கூடாதே என்று தணிந்த குரலில் பாடுவதுபோலத்தான் இருக்கிறது. அமைதிதான் இனிப் புதிய ஆரவாரம் என்று பொருள்படும் தலைப்பை 2001இல் தம் முதல் பெரிய அல்பத்துக்குச் சூட்டியவர்கள், இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்தச் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு நான்கு தென்னைகளில் குழாய் ஒலிபெருக்கி கட்டும் ஊரில் பிறந்த எனக்கு இது சிறிய வியப்பன்று.

இனி என் கேள்விக்கு வருகிறேன். நாதசுரக் கச்சேரியென்றால் விடியும்வரை இருந்து கேட்கும் என் தந்தையார், இரண்டாவது பாடலான ‘றொக்கி றெயில்’ ஒலித்துக்கொண்டிருந்தபோது கிணற்றடியிலிருந்து வந்து சற்று நேரம் நின்று கேட்டார். பின்னர், “இரண்டு பேரும் ஏன் ஒன்றாய்ச் சேராமல் பாடுகினம்? ஒருத்தனுக்குச் சுருதி விலகுது போல கிடக்கே” என்றார். அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் அப்படியில்லை என்று சொல்லத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, எது முதற்குரல், எது துணைக்குரல் என்று அவர் கேட்டதற்கும் என்னால் விடை சொல்ல முடியவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் அவரிடம் வாசித்துக் காட்டுவேன்.

குருநகர்க் குரல் எழுதியது:

உங்கள் தந்தையாரின் காது பழுதானதன்று. அது வேறு வழக்கத்தில் பழகிய காது. நாதசுரத்தில் இருவர் சேர்ந்து வாசித்தாலும் இருவரும் ஒரே சுரத்தைத்தான் பிடிப்பார்கள். மிஞ்சினால் ஒருவர் மேல் தாயியிலும் மற்றவர் கீழ்த் தாயியிலும் நிற்பார்கள். பின்னால் ஒத்து என்னும் குழல் ஆதார சட்சத்தை (‘ச’வை) விடாமல் ஊதிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுரமும் அந்தச் சட்சத்தோடு எப்படி உறவாடுகிறது என்பதே அங்கே கணக்கு.

இங்கே கணக்கு வேறு. ஒருவர் ‘ச ரி க’ என்று ஏறும்போது மற்றவர் அதே நேரத்தில் ‘க ம ப’ என்று ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ச-வுக்கும் க-வுக்கும் இடையில் நான்கு அரைச்சுர இடைவெளி. ரி-க்கும் ம-வுக்கும் இடையில் மூன்றுதான். இப்படி அந்த இடைவெளி சற்று விரிந்தும் சற்று ஒடுங்கியும் போவதுதான் இதன் சுவை. விலகி நிற்பதுதான் இங்கே சேர்ந்து பாடுவது. தந்தையாரிடம் ஆர்மோனியம் இருந்தால் ச-வையும் க-வையும் ஒன்றாக அழுத்திக் காட்டுங்கள். நான் எழுதுவதைவிட அது விரைவில் விளங்கும்.

முதற்குரல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பதின்மூன்று வயதில் எங்கள் பங்கின் பாடகர் குழுவில் ஆல்ற்றோ என்னும் துணைக்குரல் பாடியவன். நத்தாருக்கு முந்திய கிழமைகளில் எனக்குரிய பகுதியை மட்டும் வீட்டில் பாடிப் பழகுவேன்; குசினியிலிருந்து அம்மா, “அது என்ன பாட்டு? ஒரே இடத்தில நிண்டு முனகிறாய்” என்று கேட்பார். அவருக்கு மிகவும் பிடித்த பாடல்தான் அது! மெட்டைப் பாடும் சொப்பிரானோ என்னும் மேற்குரல் இல்லாமல் அதை அவரால் அடையாளம் காண முடியவில்லை. துணைக்குரல் என்றால் பொதுவாக அதன் விதி அதுதான்: தனியே நின்றால் அதற்கு முகமில்லை.

இந்த அல்பத்தில் அந்த விதி பல இடங்களில் பொய்த்துப்போவதைத்தான் நான் மிகவும் இரசிக்கிறேன். முதற்பாடலில் கீழ்க்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே பாடிப் பாருங்கள். அது தானாகவே ஒரு மெட்டாக நிற்கும். மறுமுறை மேற்குரலைப் பிடியுங்கள், அதுவும் நிற்கும். ஆகவே எது முதற்குரல் என்று உங்களால் விடை சொல்ல முடியாமற் போனதில் வெட்கப்பட எதுவுமில்லை.

நைலோன் நரம்பு எழுதியது:

குருநகர் அண்ணா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் குரலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கிற்றார்களின் பாவம் சும்மா விடாது. அங்கேயும் இதே பங்கீடுதான் நடக்கிறது. இருவரும் ஒரே கோட்டை ஒரே நேரத்தில் உரசுவது அரிது. ஒருவர் விரல்களால் நரம்புகளைத் தனித்தனியே சுண்ட, மற்றவர் அந்தச் சுண்டல்களுக்கு இடையே விடப்பட்ட இடங்களில் மட்டும் தொடுகிறார். ஒன்று நைலோன் நரம்பு, மற்றது உருக்கு நரம்பு என்பதால், கண்ணை மூடிக் கேட்டாலும் எது எதுவென்று பிரித்தறியலாம். 2009இல் வந்த அல்பத்தில் மேளமே இல்லை; நரம்பைக் கையால் தட்டும் ஓசைதான் தாளம். ஐம்பதுகளின் இறுதியில் பிரேசிலில் பிறந்த பொசா நோவா என்னும் மெல்லிசையின் வழி இது. அங்கும் கிற்றாரின் கட்டைவிரலே மேளகாரர்.

குரல் தணிந்திருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஒலிவாங்கிக்கு மிக அருகே வாயை வைத்துப் பாடினால், ஒரு பக்கத்து ஒலியையே கூடுதலாக வாங்கும் வகை ஒலிவாங்கிகள் குரலின் கீழ்ச்சுரங்களைத் தடிப்பாக்கிக் காட்டும். மூச்சும் உதட்டசைவும் சேர்ந்து விழும். இருவர் மெல்லப் பாடும்போது ஒருவர் ஓர் அணு விலகினாலும் அது கேட்டுவிடும், சத்தத்துக்குள் ஒளிக்க இடமில்லை. ஆகவே இது சோம்பலான பாட்டன்று, மிகவும் கடினமான பாட்டு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம், எட்டாம் பாடல்களுக்கு இடையே எனக்கு எல்லை தெரியவில்லை; ஒன்று முடிந்து மற்றது தொடங்கியதை அறியாமல் தேநீர் ஊற்றிக் குடித்து முடித்துவிட்டேன். கனடியப் பாடகி ஃபைஸ்ட் வரும் இரண்டு பாடல்கள் இல்லாவிட்டால் அல்பம் தூங்கியே போயிருக்கும். 2004இல் வந்த அல்பத்திலும் அவர் இரண்டு பாடல்களில் பாடியிருந்தார். மூன்றாவது குரல் ஒன்று நுழைந்தவுடன் இவ்விருவரும் நிமிர்ந்து உட்காருவது அப்போதும் கேட்டது, இப்போதும் கேட்கிறது.

மழை நகரத்தான் எழுதியது:

நான் அவ்விருவரின் ஊரான பெர்கனிலிருந்து எழுதுகிறேன். குருநகரிலிருந்து அன்ரனி ராஜேந்திரம் 1956இல் நோர்வே வந்து சேர்ந்த நாள்முதல் நம்மவர்க்கும் இந்த நாட்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் இங்குள்ள தமிழ் வீடுகளில் இவர்களுடைய பாடலைக் கேட்பவர்கள் மிகச் சிலரே. என் பிள்ளைகள் வழியாகத்தான் நானும் கேட்கத் தொடங்கினேன்.

இருவரும் பதினொரு வயதில் பள்ளிப் புவியியல் போட்டி ஒன்றில் சந்தித்தவர்கள் என்று சொல்வார்கள். இன்று எய்ரிக் இங்கேயே இருக்கிறார். எர்லென்ட் பல ஆண்டுகளாக இத்தாலியின் சிசிலித் தீவில் வசிக்கிறார். ஒலிப்பதிவு ஊர் ஊராய் அலைந்ததை நான் இதனோடு சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

இந்த நகரில் ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்தைப் போலக் கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதில்லை, ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டேயிருக்கும். மழைதான் இவர்களை வீட்டுக்குள் இருத்தி மெல்லப் பாடவைத்தது என்று சிலர் அழகாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. காது கிழியும் மெற்றல் இசைக்கும் பெயர்போன ஊர் இதே பெர்கன்தான். அந்த மெற்றல்காரர்களும் இதே மழையில்தான் நனைந்தார்கள். மெல்லப் பாடுவது இவ்விருவரும் தாமாகத் தேர்ந்துகொண்ட வழி. அதில் வானிலைக்குப் பங்கில்லை.

கொக்குவில் திண்ணை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆர்மோனியம் எங்கள் வீட்டில் இல்லை. பக்கத்து ஒழுங்கையில் சங்கீதம் படிப்பிக்கும் ஆசிரியையிடம் சுருதிப்பெட்டி மட்டுமே இருந்தது. ஆகவே குருநகர் அண்ணா சொன்ன வேலையை வாயாலேயே செய்தோம். தந்தையார் ‘ச’வைப் பிடித்து நிற்க, நான் ‘க’வைப் பிடித்தேன். முதல் மூன்று தடவையும் அவருடைய குரல் என்னிடம் இழுபட்டு வந்துவிட்டது. இல்லாவிட்டால் நான் அவரிடம் போய்விட்டேன். நான்காம் தடவை இருவரும் அசையாமல் நின்றோம். ஏதோ மூன்றாவதாக ஒன்றும் கேட்கிறது என்று அவர் முகத்தைத் திருப்பிக் கூரையைப் பார்த்தார்.

நேற்றிரவு முழு அல்பத்தையும் அவருக்குப் போட்டேன். சோளகக் காற்று பனையோலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தமையால் முற்றத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அறைக்குள் வந்து, யன்னலைச் சாத்தி, ஆளுக்கொரு காதில் குமிழை வைத்துக்கொண்டோம். நைலோன் நரம்பு அண்ணா சொன்ன ஏழாம், எட்டாம் பாடல்களில் அவர் தூங்கவில்லை என்பதை இங்கே பதிய விரும்புகிறேன். மாறாக ஒன்பதாவது பாடலில் ஃபைஸ்டின் குரல் வந்தபோதுதான், “இந்தப் பிள்ளை எதுக்கு இடையில வாறா? அவங்கள் இரண்டு பேரும் நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தாங்கள்” என்று குறைப்பட்டார். எது முதற்குரல் என்று மறுபடி கேட்டேன். தன் காதில் இருப்பவன்தான் என்றார்.