புதுப்பிப்பு: தாமிரபரணி ஓரமாகப் போய் வந்தாச்சு

அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வரை பஸ், லாரித் தொல்லை இல்லாமல் சைக்கிளில் போக வழி உண்டா என்று தை மாதம் இங்கே கேட்டிருந்தேன். "மெயின் ரோட்டை விட்டு ஊர்களுக்குள்ளே புகுந்து போங்க" என்று சொன்ன அண்ணனுக்கு முதல் நன்றி.

விடியற்காலையில் ஆற்றுப் பாலம் தாண்டி கல்லிடைக்குறிச்சி, அப்புறம் வீரவநல்லூர். இதுவரை மெயின் ரோடுதான், சீக்கிரம் கடந்துவிடலாம். வீரவநல்லூரில் வடக்கே திரும்பினதும் வேறு உலகம். ஹரிகேசநல்லூர் வழியாகத் திருப்புடைமருதூர் வரை ஏற்றமே இல்லை. இரண்டு பக்கமும் பிசானப் பருவ நெல் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. பனி ஈரத்தில் கைப்பிடி வழுக்கியது.

திருப்புடைமருதூரில் அவசரப்படாதீர்கள். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடம் அது. கோயிலை ஒட்டிய மருத மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் கூடு கட்டியிருக்கின்றன. மரத்தடியெல்லாம் வெள்ளையாக எச்சம், குஞ்சுகளின் இரைச்சல். பறவைகளுக்காக 2005லேயே காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஊர். கோபுரத்துக்குள் நாயக்கர் கால ஓவியங்கள் இருக்கின்றன. அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். எனக்குக் கிடைக்கவில்லை, அந்த ஏக்கம் இன்னும் இருக்கிறது.

திரும்பும்போது கருவேல முள் குத்தி பஞ்சர். மாற்று டியூப் கட்டாயம் எடுத்துப் போங்கள். நடுவில் கடை எதுவும் கண்ணில் படவில்லை.

அடுத்த வாரம் சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடைப் பக்கம் போகிறேன். யாராவது வருகிறீர்களா?