ஜாம்பாய்ட் சாண்ட்பாக்ஸ்: உங்களைக் கவுத்த செட்டிங் எது? (அனுபவப் பகிர்வு)

திருவையாறு_படித்துறை

ப்ராஜெக்ட் ஜாம்பாய்ட் (ஜாம்பிங்க நடுவுல உயிர் பிழைக்கிற கம்ப்யூட்டர் ஆட்டம்), பில்ட் 41 பதிப்பு, அபோகலிப்ஸ் மோட். கரண்ட் நிக்கிறது "0–30 நாள்"னு போட்டிருக்கும்ல, அதை எல்லாரும் "ஒரு மாசம் இருக்கு"ன்னே படிக்கிறாங்க. அந்தக் கணக்குல பூஜ்யமும் உண்டு. ரோஸ்வுட் ஊர்ல தொடங்கின ஆட்டம், ஜூலை 9, முதல் நாள். டி.வி.யில லைஃப் அண்ட் லிவிங் சேனல், மரவேலை நிகழ்ச்சி பாதியில இருக்கு. பொட்டுன்னு திரை கறுப்பு. ஃப்ரிட்ஜ் சத்தமும் நின்னுடுச்சு.

இருட்டைப் பத்திக் கவலையே இல்ல. அந்தச் சேனல் முதல் வாரம் சொச்சம்தான் ஓடும், இலவசமா கார்பென்ட்ரி (மரவேலைத் திறன்) லெவல் ஏத்திக்க அதுதான் வழி. கார்பென்ட்ரி 4 வந்தாத்தான் மழைநீர்ப் பீப்பாய் செய்ய முடியும்: பலகை 4, ஆணி 4, குப்பைப் பை 4. டி.வி. போனா பீப்பாய் தள்ளிப் போகும். அதுக்குள்ள தண்ணியும் நின்னா, பாத்ரூம் தொட்டியில தேங்கினதை நம்பித்தான் பொழப்பு. கரண்டுக்கும் தண்ணிக்கும் தனித்தனியாத்தான் நாள் விழும், ஒண்ணு போனா இன்னொண்ணும் அன்னிக்கே போகும்னு இல்ல.

மாயவரம் லோடர்

மேல உள்ளவர் சொன்னது சரி, ஆனா டி.வி. போனதோட கதை முடியல. கார்பென்ட்ரி முதல் புத்தகத்தைப் படிச்சுட்டு (3 மடங்கு எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி), சுத்தியும் ரம்பமும் எடுத்துக்கிட்டுத் தெருவுல இருக்கிற நாற்காலி மேசையை எல்லாம் பிரிங்க. வீட்டுக்கு வீடு போனா 4 வந்துடும். படிக்காம பிரிக்கிறது வேஸ்ட்.

எனக்கு இன்னும் உறுத்துறது ஜெனரேட்டர். கூட்டாளி ஒருத்தர் "சத்தத்துக்கு ஜாம்பி வரும்"னு அடுப்படியிலயே வச்சு, கதவைச் சாத்தி, கனெக்ட் பண்ணிட்டுப் படுத்துட்டார். வெளிய ஒரு ஜாம்பி கூட இல்ல. கட்டில்ல படுத்தபடியே ஹெல்த் பச்சையிலேருந்து இறங்கிக்கிட்டே போகுது. புகைதான் கொல்லுது. கஜாவுக்கப்புறம் வாடகை ஜெனரேட்டர் வச்சு மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்தின ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லித் தரணுமா!

முறை இதுதான். முதல்ல ஆட்டத்துக்குள்ள ஜெனரேட்டர் பத்தின இதழைத் தேடிப் படிக்கணும். 20 கட்டத்துக்குள்ள, சுவருக்கு வெளிய வைக்கணும். பெட்ரோல் ஊத்தி, கனெக்ட், அப்புறம் ஆன். கண்டிஷன் குறைஞ்சா முதல்ல ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரானிக் ஸ்கிராப் போட்டுச் சரி பண்ணுங்க. கண்டிஷன் அடிமட்டத்துக்குப் போற வரைக்கும் ஓடவிட்டா தீப்பிடிக்கும். இன்னொண்ணு: கரண்ட் போனா பெட்ரோல் பங்க்கும் வேலை செய்யாது. பங்க் பக்கத்துல ஒரு ஜெனரேட்டர் ஓடினாத்தான் பெட்ரோல் வரும். அதனால கரண்ட் இருக்கும்போதே கேன்ல பிடிச்சு வச்சுடுங்க.

மன்னார்குடி_மதில்

ரெண்டு பேரும் வீட்டு வசதியைக் கஷ்டம்னு சொல்றீங்க. கரண்ட் நிக்கிற நாளைத் தள்ளிப் போட்டா விஷயம் முடிஞ்சது. கஷ்டம்னா ரீஸ்பான்தான், அடிச்ச ஜாம்பிக்குப் பதிலா புதுசா முளைக்கிறது.

மல்ட்ரா ஊர்ல ஒரு தெரு. ஒரு வீடு விடாம ஆளில்லாமப் பண்ணியாச்சு, பொணம் எல்லாம் எரிச்சாச்சு. லூட்டுக்கு (பொருள் தேட) வெஸ்ட் பாயின்ட் ஊருக்குப் போயிட்டுத் திரும்பினா அதே முனையில பதினஞ்சு இருபது நிக்குது. ஆட்டம் ஏமாத்துதுன்னு நிறையப் பேர் திட்டுறாங்க. ஏமாத்தல, செட்டிங்கைப் படிக்கல. ரீஸ்பான் அவர்ஸ் 72, அன்சீன் அவர்ஸ் 16, மல்டிப்ளையர் 0.1. அதாவது 16 மணி நேரம் யார் கண்ணுலயும் படாத இடத்துல, 72 மணிக்கு ஒருக்கா, அந்த இடத்துக்கு உரிய எண்ணிக்கையில பத்துல ஒரு பங்கு திரும்ப முளைக்கும். அது போதாதுன்னு பீக் டே 28, பீக் மல்டிப்ளையர் 1.5. முதல் நாள் எவ்வளவு இருந்துச்சோ அதுல ஒண்ணரை மடங்கை நோக்கி 28 நாள் ஏறிக்கிட்டே போகும். ரெண்டாம் வாரம் "இப்ப லேசா இருக்கு"ன்னு சொல்றவன் நாலாம் வாரம் பேச மாட்டான்.

ரீஸ்பான் அவர்ஸை 0 ஆக்கினா புதுசா முளைக்கிறது நின்னுடும். ஆனா ரீடிஸ்ட்ரிப்யூட் அவர்ஸ் 12ன்னு தனியா ஒண்ணு உண்டு. கூட்டமா இருக்கிற இடத்துலேருந்து காலியான இடத்துக்கு இருக்கிறதே நடந்து வரும். ரெண்டையும் பார்க்காம "ஆஃப் பண்ணியும் வருது"ன்னு புகார் சொல்லாதீங்க. புதுசா வர்றவங்க ரீஸ்பானை 0 வச்சு, ரீடிஸ்ட்ரிப்யூட்டை அப்படியே விட்டுடுங்க. சுத்தம் பண்ணின தெருவுக்கு மதிப்பும் இருக்கும், ராத்திரி பயமும் இருக்கும். பீக் மல்டிப்ளையரை 1.0 ஆக்கலாம், அதுக்குக் கீழ போனா உப்புச்சப்பு இருக்காது. சர்வைவர் மோட்ல ஒரே வீச்சுல ரெண்டு மூணு ஜாம்பி மேல அடி விழும், அபோகலிப்ஸ்ல ஒண்ணு மேலதான் விழும். பேஸ்பால் மட்டை வச்சு ஆடுறவங்களுக்கு மல்டி ஹிட்ங்கிற இந்த ஒத்தை டிக்கே பாதி கஷ்டத்தைக் குறைச்சுடும், எண்ணிக்கையைக் கை வைக்கவே வேணாம்.

நாகை_உப்பளம்

@மன்னார்குடி_மதில் அண்ணே, கேட்டது "எது கவுத்துச்சு"ன்னு. நீங்க பாடம் நடத்திட்டீங்க.

ஸ்பீடு: ராண்டம், அதாவது ஒவ்வொரு ஜாம்பிக்கும் ஒவ்வொரு வேகம். இதைத் தொட்டவங்களுக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் அஞ்சாறு ஜாம்பி, எல்லாம் தள்ளாடுது. கதவைத் திறந்த நொடி அதுல ஒண்ணு மட்டும் ஓடி வருது. நிக்கிறப்ப பார்த்து எது ஓட்டக்காரன்னு கண்டுபிடிக்க முடியாது. எல்லாமே ஸ்பிரின்டர்னா (ஓடுற ஜாம்பி) எல்லாத்துக்கும் ஒரே எச்சரிக்கையோட இருப்போம். ராண்டம்ல பழக்கமே எதிரி. போடறதா இருந்தா ஜனத்தொகையைப் பாதிக்கும் கீழ இறக்கிட்டுப் போடுங்க.

கீறல் பட்டா உடனே ஆளைக் கைவிடுற பழக்கம் ஒண்ணு இருக்கே, அதுவும் தப்பு. ஜாம்பி நோய் தொத்துற வாய்ப்பு கடிக்கு 100 சதவீதம், கிழிஞ்ச காயத்துக்கு 25, கீறலுக்கு 7தான். கட்டுப் போட்டுட்டு இருங்க. இயல்பு செட்டிங்ல தொத்துனாலும் 2–3 நாள் ஆகும் சாக. டிரான்ஸ்மிஷனை (நோய் தொத்துற வழி) "சலைவா ஒன்லி" (எச்சில் மட்டும்) ஆக்கினா கடி மட்டும்தான் கணக்கு.

குடவாசல் மிராசு

பில்டர் மோட்னா கேலி பண்றதே பொழப்பாப் போச்சு. அதுல ஜாம்பி கம்மி, லூட் ஜாஸ்தி, ஒத்துக்கறேன். விவசாயத்தை முழுசாப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. உருளை விதைச்சு, இலையில பூஞ்சணம் வந்ததும் பால் கலந்த மருந்தைத் தெளிச்சா நிக்குது. ஈ விழுந்தா சிகரெட் போட்ட மருந்து. அபோகலிப்ஸ்ல இதைக் கத்துக்கறதுக்குள்ள பின்னாலேருந்து கடிச்சுடுவான். பில்ட் 41ல ஏழு பயிர் குடுத்திருக்கான், நெல் மட்டும் இல்ல. டெல்டாக்காரன் எங்க போய் முறையிடுறது?

கும்மோணம்_கிரைண்டர்

திரி ஜாம்பாய்ட் பத்தி, தெரியும். ஆனா செவன் டேஸ் டு டைங்கிற இன்னொரு ஜாம்பி ஆட்டம் ஆடுறவங்களுக்கு ஒரு சேதி. ஒரு நாள் நீளம் வழக்கமா 60 நிமிஷம். ரத்த நிலா (ஏழு நாளுக்கு ஒருக்கா ஜாம்பி கூட்டமாத் தாக்குற ராத்திரி) 22:00 மணிக்கு ஆரம்பிச்சு 04:00 வரைக்கும், ஆட்டக் கணக்குல 6 மணி நேரம், நம்ம கடிகாரத்துல 15 நிமிஷம். "தயாராக நேரம் பத்தல"ன்னு நாளை 120 ஆக்குவாங்க. அந்த ராத்திரியும் 30 நிமிஷம் ஆகிடும்னு யாரும் நினைக்கிறதில்ல. ஏழாம் நாள் நடுராத்திரி தாண்டி தோட்டா தீர்ந்து, மரக்கதவு விரிசல் விட்டு, வானம் செக்கச் செவேல்னு அப்படியே நிக்கும். நாளை நீட்டினா பிளட் மூன் கவுன்ட்டை (அந்த ராத்திரி ஒரு ஆளுக்கு வர்ற ஜாம்பி எண்ணிக்கை) குறைங்க. இயல்பு 8.

மன்னார்குடி_மதில்

பாடம்னு சொன்னீங்க, சரி. உங்க 7 சதவீதத்தையே எடுத்துக்குவோம். அது ஒரு கீறலுக்கு. பத்து கீறல் பட்டா தப்பிக்கிற வாய்ப்பு பாதிக்குக் கீழ வந்துடும். அதனால தோல் ஜாக்கெட் போடுங்க, டெனிம் மேல ஒட்டுப் போடுங்க, கழுத்து முக்கியம். இதையெல்லாம் விட்டுட்டு சதவீதம் மட்டும் சொன்னா புது ஆளு தைரியமாப் போய்ச் செத்துடுவான்.

நாகை_உப்பளம்

சரிண்ணே.

திருவாரூர்_ஆழித்தேர்

நண்பர்களோட சர்வர் வச்சு ஆடுறவங்க கவனிக்க. பாஸ் எம்ப்டி (ஆளில்லாதப்ப ஆட்டத்தை நிறுத்தி வைக்கிற செட்டிங்) ட்ரூ இல்லைன்னா, யாரும் உள்ள இல்லாதப்பவும் ஆட்டத்துல நாள் ஓடும். வெள்ளிக்கிழமை நிறுத்திட்டு ஞாயிறு வந்தா, ஃப்ரிட்ஜைத் திறந்ததும் எல்லாம் அழுகல். ஆட்டத்துல ஒரு நாள்னா நிஜத்துல ஒரு மணி நேரம்ங்கிற கணக்குல 48 நாள் போயிருக்கும், கரண்ட் நிக்கவேண்டிய கெடுவும் தாண்டியிருக்கும்.

நிஜ கரண்ட் கட்டுக்கும் ஒரு வார்த்தை. ஹோஸ்ட் மெஷினுக்கும் (சர்வர் ஓடுற கம்ப்யூட்டர்) ரூட்டருக்கும் சேர்த்து யுபிஎஸ் போடுங்க. ரூட்டரை விட்டுட்டு மெஷினுக்கு மட்டும் போட்டா, ஹோஸ்ட் தனியா ஆடிக்கிட்டிருப்பார். ஜாம்பாய்ட் தானாவே சேவ் ஆகிக்கிட்டே இருக்கும், எழுதிக்கிட்டு இருக்கும்போது மெஷின் அணைஞ்சா வரைபடத் துண்டு கெட்டுப் போகலாம். ஆட்டத்தை மூடிட்டு, யூசர் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஜாம்பாய்ட் ஃபோல்டர்ல சேவ்ஸை அப்படியே காப்பி எடுத்து வையுங்க.

திருவையாறு_படித்துறை

அண்ணே, ஓடுற சர்வர்லயே மதில் சொன்ன ரீஸ்பானை மாத்தலாமா, புதுசாத் தொடங்கணுமா?

திருவாரூர்_ஆழித்தேர்

மாத்தலாம். சர்வரை நிறுத்திட்டு, ஜாம்பாய்ட் ஃபோல்டருக்குள்ள சர்வர் ஃபோல்டர், அதுல உங்க சர்வர் பேரோட சாண்ட்பாக்ஸ்வார்ஸ்னு முடியற ஃபைல். நோட்பேட்ல திறந்து ரீஸ்பான் அவர்ஸை 0.0 ஆக்கி, சேவ் பண்ணி, மறுபடி ஏத்துங்க. வரிக் கடைசியில இருக்கிற கமாவை அழிச்சுடாதீங்க, ஃபைல் படிக்காமப் போயிடும். ஏற்கெனவே முளைச்சது அங்கேயேதான் நிக்கும், அதை நீங்கதான் அடிச்சாகணும்.