42,000 மார்க்கர், ஒவ்வொன்றுக்கும் தனி ரிக்ரெஷன்: ஆர் மென்பொருளில் வேகமாகச் செய்வது எப்படி?

செம்மண்தோப்பு (பண்ருட்டி):
வணக்கம். முந்திரியில் ஆராய்ச்சி செய்கிறேன். பண்ருட்டியைச் சுற்றி 186 மரங்களில் கொட்டை எடை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு மரத்துக்கும் 42,000 எஸ்என்பி மார்க்கர்கள் (டிஎன்ஏவில் மரத்துக்கு மரம் ஓர் எழுத்து மாறும் இடங்கள்), மாறிய எழுத்து எத்தனை பிரதி என்பதைக் காட்ட 0, 1, 2 என்று. எடையை ஒவ்வொரு மார்க்கரோடும் தனித்தனியாக எல்எம் (ஆரின் ரிக்ரெஷன் ஃபங்ஷன்) போட்டுப் பார்க்கிறேன். ஃபார் லூப், உள்ளே எல்எம், சம்மரி, பி மதிப்பை (தற்செயலாகவே இவ்வளவு தொடர்பு தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பது) எடுத்து, ஆர்பைண்டால் அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்ப்பது. ஒரு சுற்றுக்கு 20 நிமிடம் ஆகிறது. தற்செயலாகவே எவ்வளவு பெரிய தொடர்பு வரும் என்று பார்க்க, எடைகளை மரங்களுக்குள் கலைத்துப் போட்டு 1000 சுற்று ஓட்ட வேண்டும் என்கிறார் வழிகாட்டி. கணக்குப் போட்டால் 14 நாள் வருகிறது. லேப்டாப்பை அவ்வளவு நாள் விட முடியாது. வழி இருந்தால் சொல்லுங்கள்.

கடற்கரைச்சாலை (புதுச்சேரி):
தம்பியா தங்கையா தெரியவில்லை, இரண்டு இடத்தில் நேரம் போகிறது. எல்எம் ஒவ்வொரு தடவையும் ஃபார்முலாவைப் பிரித்துப் படித்து, புதிதாக அட்டவணை கட்டுகிறது. 42,000 பத்தி உள்ள டேட்டா ஃபிரேமை அதற்குக் கொடுத்தால் இன்னும் திணறும். ஆர்பைண்டோ ஒரு வரி சேர்க்க, அதுவரை சேர்ந்த எல்லாவற்றையும் மறுபடி படியெடுக்கிறது.

உங்களுக்கு எல்எம்மே வேண்டாம். ஒரே ஒரு மாறி உள்ள ரிக்ரெஷனில், சாய்வின் டி மதிப்பு (பி மதிப்பு இதிலிருந்துதான் வருகிறது), இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவிலிருந்தே வந்துவிடும்:

டி = கெழு × √((மரங்கள் − 2) ÷ (1 − கெழு²))

மார்க்கர்களை மேட்ரிக்ஸாக மாற்றிவிட்டு, கார் என்ற ஃபங்ஷனை ஒரே தடவை கூப்பிடுங்கள். 42,000 கெழுவும் கையில் இருக்கும். கெழு 0.36 என்றால் 186 மரத்துக்கு டி 5.23. சாய்வு வேண்டுமானால், கெழுவை எடையின் திட்டவிலக்கத்தால் பெருக்கி மார்க்கரின் திட்டவிலக்கத்தால் வகுத்தால் போதும். என்ஏ (விடுபட்ட மதிப்பு) இருக்கும் மார்க்கருக்கு மரங்களின் எண்ணிக்கையைத் தனியாக எண்ணிப் போடுங்கள். இதை மறந்தால் பி மதிப்பு தப்பாக வரும். எல்லா மரத்திலும் ஒரே மதிப்பாக உள்ள மார்க்கரை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

கலைத்துப் போடுவதும் இப்படித்தான். கலைத்த எடைகளை 100 பத்தியாக அடுக்கி, அவற்றையும் மார்க்கர்களையும் ஸ்கேல் செய்து (சராசரி 0, திட்டவிலக்கம் 1 ஆக்கி), கிராஸ்ப்ராட் (மேட்ரிக்ஸ் பெருக்கல்) போட்டு, மரங்கள் − 1 ஆல் வகுங்கள். 1000ஐயும் ஒன்றாகப் போட்டால் விடை மட்டும் 336 எம்பி பிடிக்கும், அதனால் நூறு நூறாக. ஒவ்வொரு சுற்றிலும், குறியைப் பார்க்காமல், மிகப் பெரிய கெழுவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மண்தோப்பு:
தங்கைதான், அக்கா! முதல் சுற்று இரண்டு விநாடிகூட ஆகவில்லை, 1000 சுற்றும் ஒரு நிமிடத்துக்குள். பத்து மார்க்கருக்கு எல்எம் போட்டு ஒப்பிட்டேன், கடைசி இலக்கம் வரை சரி. போன்ஃபெரோனி எல்லை (0.05ஐ மார்க்கர்களின் எண்ணிக்கையால் வகுத்தது) 0.0000012, பி மதிப்பு அதற்கும் கீழே 31 மார்க்கர்கள் நிற்கின்றன. நம்பவே முடியவில்லை.

கெடிலக்கரை (கடலூர்):
அம்மா, குறுக்கே வருகிறேன். 31 என்பது எனக்கு உறுத்துகிறது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, உங்கள் பக்கத்துத் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அப்புறம் நட்டவற்றில் ஒட்டுக்கன்றுகள் நிறைய. உங்கள் 186இல் எத்தனை ஒட்டு, எத்தனை விதைக்கன்று? ஒட்டு மரத்தின் கொட்டை பருமனாக இருந்தால், அந்த ரகத்துக்கு உரிய எந்த மார்க்கரும் எடையோடு சேர்ந்துதான் போகும். அது ரகத்தைக் காட்டுகிறதே ஒழிய மரபணுவைக் காட்டவில்லை.

கடற்கரைச்சாலை:
நல்ல கேள்வி, ஐயா. ஒட்டா இல்லையா என்பதை ஒரு பத்தியாக வைத்து, கியூஆர்.ரெசிட் ஃபங்ஷன் மூலம் எடையிலிருந்தும் மார்க்கர்களிலிருந்தும் அதன் பங்கைக் கழித்துவிட்டு, மீதிக்கு அதே கெழுவைப் போடலாம். பொருளியலாளர்கள் ஃபிரிஷும் வாஃபும் 1933இல் காட்டிய வழி. அப்போது சூத்திரத்தில் 2க்குப் பதில் 3 கழிக்க வேண்டும்.

கெடிலக்கரை:
விதைக்கன்றுக்கு அது சரி. ஆனால் ஒரே தாயிலிருந்து கட்டிய ஒட்டு எல்லாம் மரபணுவில் ஒரே மரம். கழித்தபின் அந்த வரிசைகளில் மார்க்கர் மதிப்பு பூஜ்யம்தான், ஒன்றும் சொல்லாது. எண்ணிக்கையில் மட்டும் உட்கார்ந்து டி மதிப்பைக் குழப்பும். அவற்றை எடுத்துவிடுவதே நல்லது. சந்தேகமான மரம் இருந்தால், மார்க்கர் மேட்ரிக்ஸைத் திருப்பிப் போட்டு மரத்துக்கு மரம் கெழு பாருங்கள். ஒட்டுகள் தங்களுக்குள் 0.99க்கு மேல் நிற்கும்.

செம்மண்தோப்பு:
ஐயா, பார்த்தேன். நோட்டில் ‘ஒட்டு’ என்று எழுதியவை 55. மரத்துக்கு மரம் கெழு போட்டதில் இன்னும் 3 மரங்கள் அதே கூட்டத்தில் விழுந்தன. ஒன்றின் படத்தை எடுத்துப் பெரிதாக்கினேன், மண்ணுக்கு ஒரு சாண் மேலே தண்டில் ஒட்டுக் கட்டிய வீக்கம் தெரிகிறது. தோப்பில் நான்தான் கவனிக்கவில்லை. 58ஐயும் எடுத்துவிட்டு, மீதி 128 விதைக்கன்று மரங்களுக்கு மறுபடி கலைத்து எல்லை கண்டேன். 31இல் 2தான் மிஞ்சின. விதைக்கன்றுகளிலும் ஒரே தாய்மரத்துப் பிள்ளைகள் இருக்கும் அல்லவா? அதை எப்படிக் கையாள்வது?

கடற்கரைச்சாலை:
இருக்கும். உறவு மேட்ரிக்ஸ் (எந்த இரு மரமும் மரபணுவில் எவ்வளவு நெருக்கம் என்ற அட்டவணை) கட்டி, அந்த உறவையும் கணக்கில் எடுக்கும் மிக்ஸட் மாடல் போட வேண்டும், இந்தச் சுருக்குவழி நேராகப் பொருந்தாது. முதலில் அந்த 2 மார்க்கருக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்.