சியோலிலிருந்து வட கொரிய எல்லைக்கு ஒரு நாள் டூர்: எதைப் பார்த்துத் தேர்வு செய்வது? (அனுபவப் பகிர்வு)

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை செய்கிற குடும்பங்களில் சியோல் போய் வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பதும் ஒரே கேள்விதான்: டிஎம்இசட் (இரண்டு கொரியாக்களுக்கும் நடுவே உள்ள எல்லைப் பட்டை) டூர் எதில் போகலாம்? விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள், பட்டியலில் எத்தனை இடம் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணியும் முடிவு செய்யாதீர்கள். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் விடுவார்கள், பஸ்ஸில் யார் வந்து பேசுவார்கள், இந்த இரண்டையும் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கொரியப் போரில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டும்தான், சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. அப்போது போட்ட எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு கிலோமீட்டர் விட்டு, கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை நாட்டின் குறுக்கே ஓடுகிறது. அதற்குத் தெற்கே பொதுமக்கள் இஷ்டத்துக்கு நுழைய முடியாத இன்னொரு பகுதி. நம்மை டூர் கூட்டிப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதிக்குத்தான். சொந்தமாகக் கார் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது, அதனால்தான் டூர்.

விளம்பரப் படங்களில் வரும் நீலக் கட்டடங்கள், இரண்டு பக்கச் சிப்பாய்களும் எதிரெதிரே நிற்கிற இடம், அது பான்முன்ஜோம். ஜேஎஸ்ஏ, அதாவது கூட்டுப் பாதுகாப்புப் பகுதி என்பார்கள். வழக்கமான டிஎம்இசட் டூரில் அது கிடையாது. 2023 ஜூலையில் டூர் குழுவோடு வந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய் எல்லைக் கோட்டைத் தாண்டி வடக்கே ஓடியதும் அங்கே டூரை நிறுத்தினார்கள், அதன்பிறகு அதை நம்பித் திட்டம் போட முடிவதில்லை. நீலக் கட்டடப் படம் போட்டு விற்கிற டூர் என்றால், உள்ளே போவோமா மாட்டோமா என்று எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனது என் கணவருக்கு அங்கே பயிற்சி நடந்தபோது. மாமனாரும் வந்திருந்தார், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முட்டி வலி உண்டு. ஆகவே நான் டூர் தேடியபோது முதலில் பார்த்தது சுரங்கத்தைத்தான். எல்லா டூரும் மூன்றாவது சுரங்கம் என்று பெரிதாகப் போடும். வட கொரியா ரகசியமாகத் தோண்டி, 1978-ல் தென் கொரியா கண்டுபிடித்தது. நீளம் 1,635 மீட்டர், உயரமும் அகலமும் இரண்டிரண்டு மீட்டர், தரைக்கு 73 மீட்டர் கீழே. நாங்கள் நிலக்கரிதான் தோண்டினோம் என்று காட்டுவதற்காகச் சுவரில் கரியைப் பூசி வைத்திருந்தார்களாம், அந்தக் கறுப்பு இன்னும் தெரிகிறது. ஆனால் கீழே போவதற்கு நீளமான சரிவு, இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போது இளவட்டங்களே நின்று நின்றுதான் வருகிறார்கள். உள்ளே ஹெல்மெட் கட்டாயம், படம் எடுக்கக் கூடாது, போன், பை எல்லாம் லாக்கரில். வயதானவர், இதய நோய் உள்ளவர், அடைத்த இடம் என்றால் பயப்படுகிறவர் கூட இருந்தால் அவர்கள் மேலேயே இருந்துவிடலாம், அதனால் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டார்கள் என்பது என் கருத்து.

உண்மையில் நேரம் வேண்டியது இம்ஜின்காக்கிலும் (எல்லைக்கு முன்னால் இம்ஜின் ஆற்றங்கரையில் உள்ள பூங்கா) வடக்கைப் பார்க்கிற டோரா கண்காணிப்பு மேடையிலும். இம்ஜின்காக்கில்தான் உள்ளே போவதற்கான அன்றைய டிக்கெட்டை வாங்குகிறார்கள். முன்னால் வருகிறவருக்கு முதலில், எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு, அதனால்தான் பஸ்கள் சியோலிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்புகின்றன. ஏழு மணிக்கு மேல் நிதானமாகப் புறப்படலாம் என்று சொல்கிற டூரை, அதுவும் சனி ஞாயிறில், நான் எடுக்க மாட்டேன். திங்கட்கிழமை விடுமுறை. குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரிஜினல் பாஸ்போர்ட் வேண்டும், ஜெராக்ஸ் காட்டினால் உள்ளே போகிற வழியில் வரும் பாலத்திலேயே இறக்கிவிடுவார்கள்.

டிக்கெட் வாங்கினதற்கும் நம் முறை வருவதற்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தைப் பெரும்பாலோர் காபிக் கடையில் செலவழிக்கிறார்கள். அங்கே துருப்பிடித்த ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது, அதைப் போய்ப் பாருங்கள். 1950 டிசம்பர் 31 அன்று ஜாங்டான் ஸ்டேஷனில் நின்ற எஞ்சின் அது. வடக்குப் படைகளின் கையில் போய்விடக் கூடாதென்று அதைச் சுட்டுத் தள்ளினார்கள், உடம்பில் ஆயிரத்துக்கும் மேல் தோட்டா ஓட்டைகள். பிறகு அரை நூற்றாண்டு அது எல்லைப் பட்டைக்குள்ளேயே கிடந்தது, அதன் மேல் ஒரு முசுக்கட்டை மரமே வளர்ந்துவிட்டது, அந்த மரத்தையும் எடுத்துவந்து பக்கத்தில் நட்டிருக்கிறார்கள். என் மாமனார் அங்கிருந்து நகரவே இல்லை. சக்கரம் எப்படி வளைந்திருக்கிறது, பாய்லரில் எங்கே அடி விழுந்திருக்கிறது என்று எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார், "இதை ஓட்டிக்கிட்டு வந்தவன் இறங்கிப் போகும்போது மனசு என்ன பாடுபட்டிருக்கும், சொல்லும்மா" என்றார். பக்கத்திலேயே ஒரு பலிபீடம் மாதிரி கல்மேடை, வடக்கில் சொந்த ஊரை விட்டுவந்தவர்கள் புத்தாண்டிலும் அறுவடைத் திருநாளிலும் இங்கே வந்து வடக்குப் பார்த்து முன்னோருக்குப் படைக்கிறார்கள். நாங்கள் போன அன்று பண்டிகை ஒன்றும் இல்லை, ஆனாலும் ஒரு முதியவர் பையிலிருந்து பழம் எடுத்து வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்து பாலம். ஒற்றுமைப் பாலம் என்கிறார்கள். இங்கே பஸ் நிற்கும், சிப்பாய் ஏறி ஒவ்வொரு பாஸ்போர்ட்டாக முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், கேமராவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சென்னை என்றதும் வழிகாட்டி ஒரு விஷயம் சொன்னார். ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜூ-யுங் பிறந்தது இப்போது வட கொரியாவில் இருக்கும் பகுதியில். சிறுவயதில் அப்பா மாடு விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடிவந்தவர், 1998-ல் லாரி லாரியாக மாடுகளை ஏற்றிக்கொண்டு இந்தப் பாலம் வழியாக வடக்கே போய்க் கொடுத்தார், இரண்டு தடவையாக மொத்தம் 1,001 மாடுகள். அதே வருடம்தான் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. என் கணவர் அத்தனை வருடம் அந்தத் தொழிற்பேட்டைக்குப் போய்வந்தும் இது அவருக்குத் தெரியாது.

டோராவில் வானம் தெளிவாக இருந்தால் வட கொரியாவின் கேசோங் நகரம் வெறும் கண்ணுக்கே தெரியும். வடக்கின் கொடிக்கம்பம் 160 மீட்டர், தெற்கின் கம்பம் அதைவிடக் குட்டை. பனிமூட்டமோ மழையோ என்றால் வெள்ளைத் திரையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும், ஆகவே பயணத்தின் கடைசி நாளுக்கு இதை ஒதுக்காதீர்கள், மாற்றிக்கொள்ள இடம் இருக்கட்டும்.

இனி வழிகாட்டி விஷயம். சில டூர்களில் வட கொரியாவிலிருந்து தப்பி வந்தவர் ஒருவரும் பஸ்ஸில் வருகிறார், கட்டணம் கொஞ்சம் கூடுதல். முடிந்தால் அதையே எடுங்கள். எங்களோடு ஒரு பெண்மணி வந்தார், சீனா வழியாகச் சுற்றித் தெற்கே வந்தவர். (இந்த எல்லையைத் தாண்டி வருகிறவர் அபூர்வம், கண்ணிவெடியும் வேலியும்தான் எங்கும்.) பஸ்ஸில் எல்லோரும் தலைவரைப் பற்றியும் அணுகுண்டைப் பற்றியும் கேட்டார்கள், ஏற்கெனவே பலமுறை சொன்ன மாதிரி பதில் சொன்னார். என் மாமனார் கேட்டது ஒன்றுதான்: "வீட்டில யார் யாரும்மா இருக்காங்க?" என் கணவர் ஆங்கிலத்தில் சொல்ல, வழிகாட்டி கொரிய மொழியில் சொல்ல, அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அம்மா இருக்கிறார், தரகர் மூலமாகப் பணம் போகிறது, எப்போதாவது குரல் கேட்கும் என்றார். அதற்குப் பிறகு பஸ்ஸில் மற்றவர்கள் கேட்ட கேள்விகளே மாறிவிட்டன, பள்ளிக்கூடத்தில் என்ன சாப்பிட்டீர்கள், கல்யாணம் எப்படி நடக்கும் என்றெல்லாம். ஒரு வேண்டுகோள், இவர்களைப் படம் எடுக்காதீர்கள், அங்கே இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பதில் (மேடவாக்கம்)

அக்கா, நீங்கள் சொன்ன நேர விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நாங்கள் மலிவாக இருந்த ஒன்றில் போனோம், கம்பெனி பெயர் வேண்டாம். டோராவில் இருபது நிமிடம்கூட விடவில்லை, ஓடு ஓடு என்றார்கள். திரும்பும் வழியில் ஜின்செங் (மருந்து வேர்) கடை, அப்புறம் கல் நகைக் கடை, இரண்டிலும் கதவுக்குள் விட்டுவிட்டு நிதானமாக நின்றார்கள். என் பெண் கடைசிவரை பைனாகுலரில் பார்க்க வரிசையில் நின்று, முறை வரும்போது கூப்பிட்டுவிட்டார்கள், அழுதேவிட்டாள். ஆகவே புக் செய்யும் முன் "ஷாப்பிங் ஸ்டாப் உண்டா" என்று நேராகக் கேளுங்கள், இல்லை என்று தெளிவாகப் போட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள், பத்துப் பதினைந்தாயிரம் வோன் (கொரியப் பணம்) கூடினாலும் பரவாயில்லை. விமர்சனங்களில் ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும் படித்தாலே எந்த இடத்தில் அவசரப்படுத்துகிறார்கள் என்று தெரிந்துவிடும். மலையில் உள்ள தொங்கு பாலம் ஒன்றையும் சேர்த்து முழு நாள் டூர் விற்கிறார்கள், மலை பிடித்தவர்களுக்குச் சரி, எல்லையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அரை நாள் போதும்.

பதில் (அண்ணா நகர் மேற்கு)

அம்மா, உங்கள் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எந்த டூரிலும் சொல்லாத ஒன்றை இங்கே பதிகிறேன். இம்ஜின்காக் போகும் வழியில் முன்சான் என்று ஒரு ஊர் வரும். 1951 மார்ச்சில் அமெரிக்கப் பாராசூட் படை அங்கே குதித்தபோது, காயம்பட்டவர்களைப் பார்க்க நம் இந்திய ராணுவத்தின் 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் மருத்துவப் பிரிவினரும் கூடவே குதித்தார்கள். அந்தப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ், மகாவீர் சக்கரம் பெற்றவர். சண்டை நின்ற பிறகு, சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த போர்க் கைதிகளை என்ன செய்வது என்று முடிவு செய்த நடுநிலை நாடுகள் ஆணையத்துக்குத் தலைவர் ஜெனரல் திம்மையா, கைதிகளைக் காவல் காத்ததும் இந்தியப் படைதான், அதே எல்லைப் பட்டைக்குள்ளேயே முகாம் போட்டு. வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம் என்ற 88 பேர் 1954 பிப்ரவரியில் நம்மவர்களோடு கப்பலில் கிளம்பி வந்து இறங்கியது எங்கே தெரியுமா, நம் மெட்ராஸ் துறைமுகத்தில்! அங்கே போகிற நம் பிள்ளைகள் வழிகாட்டியிடம் இதைச் சொல்ல வேண்டும். நான் சொன்னபோது எங்கள் வழிகாட்டிப் பெண் மைக்கை என்னிடமே கொடுத்துவிட்டாள், பஸ் முழுக்கக் கேட்டார்கள்.

பதில் (தாம்பரம் சானடோரியம்)

கைக்குழந்தையோடு போகிறவர்கள் டூரே இல்லாமலும் ஓரளவு பார்க்கலாம். ரயிலில் முன்சான் வரை போய் அங்கிருந்து இம்ஜின்காக். எஞ்சின், பூங்காவிலேயே இருக்கிற சுதந்திரப் பாலம் (பாஸ்போர்ட் பார்க்கிற ஒற்றுமைப் பாலம் வேறு), பூங்கா இதற்கெல்லாம் அனுமதி வேண்டாம், இம்ஜின் ஆற்றைத் தாண்டிப் போகிற கோண்டோலாவும் இருக்கிறது. இல்லையென்றால் கிம்போ பக்கம் ஏகிபாங் என்று ஒரு குன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வட கொரியக் கிராமம் நன்றாகவே தெரியும், காபிக் கடையும் உண்டு. அங்கேயும் நுழைவில் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். சுரங்கம் மட்டும்தான் கிடைக்காது.

ஒரு சந்தேகம், சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு டூரில் ஏதாவது கிடைக்குமா?

முதல் பதிவு எழுதியவர்

அண்ணா நகர் ஐயா, மாமனாரிடம் படித்துக் காட்டினேன். மெட்ராஸ் துறைமுகம் என்று வந்த இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். உங்களோடு போனில் பேச வேண்டுமாம், நம்பர் தனியாக அனுப்புங்கள்.

தாம்பரம் தோழி, அரை நாள் டூரில் சாப்பாடு தருவதில்லை, மதியத்துக்குள் சியோல் திரும்பிவிடலாம். முழு நாள் என்றால் மதியச் சாப்பாடு பெரும்பாலும் மாட்டிறைச்சிதான், சைவம் என்று முன்பே எழுதினால் காய்கறி போட்ட பிபிம்பாப் (கொரியக் கலவைச் சாதம்) செய்து தருவார்கள், முட்டை வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் காலையில் எலுமிச்சை சாதம் கிளறி டப்பாவில் கொண்டுபோனேன், இம்ஜின்காக்கில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே எல்லைக் கிராமத்தில் விளைந்த சோயாவும் அரிசியும் விற்கிறார்கள், வாங்குவதென்றால் அதை வாங்குங்கள், அந்த ஊர்க்காரர்களுக்குப் போகும்.