ஹில்ஸ்பரோவா, ப்ளேனோவா? வரி போக கையில் எது அதிகம் நிற்கும்? (அவசரம்)

புதுஆஃபர்:
ரெண்டு ஆஃபர் இருக்கு. ஒண்ணு ஓரிகன் ஹில்ஸ்பரோ, இன்னொண்ணு டெக்சாஸ் ப்ளேனோ. ஓரிகன்ல சேல்ஸ் டேக்ஸ் கிடையாது, டெக்சாஸ்ல இன்கம் டேக்ஸ் கிடையாது. எங்க போனா கையில அதிகம் நிக்கும்? ஆன்லைன் கால்குலேட்டர் மூணுல போட்டுப் பார்த்தேன், மூணும் மூணு விதமா காட்டுது. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

ப்ளேனோவாசி:
இதுல யோசிக்க என்ன இருக்கு ப்ரோ? டெக்சாஸ். சம்பளத்துல மாநிலத்துக்குன்னு ஒரு காசு பிடிக்க மாட்டாங்க. சேல்ஸ் டேக்ஸ் 8.25 விழுக்காடுதான், அதுவும் வாங்குற பொருளுக்கும் சில சேவைகளுக்கும் மட்டும். ஓரிகன்ல முதல் பத்திருபதாயிரம் டாலரைத் தாண்டினதுமே 8.75 விழுக்காடு பிடிப்பாங்க.

பீவர்டன் தோழி:
ஓரிகன்ல கிக்கர் (மாநில வரவு கணிப்பைத் தாண்டினா, கட்டின வரியில ஒரு பங்கைத் திருப்பித் தர்றது) இருக்கே, அதை யாரும் கணக்குல சேர்க்கிறதே இல்ல. 2023-ல 44 விழுக்காடு வரியைத் திருப்பிக் கொடுத்தாங்க. அதையும் சேர்த்துப் பாருங்க.

இரட்டைப்பதிவு:
சம்பளம் எவ்வளவு? இரண்டு ஆஃபரும் ஒரே தொகையா? திருமணமானவரா, துணைவருக்கு வேலை உண்டா, குழந்தைகள் எத்தனை? வாடகையா, வீடு வாங்கப் போகிறீர்களா? 401கே-யில் (ஓய்வுக்காலச் சேமிப்பு) எவ்வளவு போடுவீர்கள்? இவை தெரியாமல் எந்த எண்ணும் சொல்ல முடியாது.

ஏட்டுக்கணக்கு:
தம்பி, மொட்டைத்தாத்தன் குட்டையில் விழுந்த கதையாகக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும். இந்தக் கேள்வி இங்கே மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. விகிதத்தை விகிதத்தோடு ஒப்பிடுவது அரிச்சுவடிப் பிழை. 8.75 என்பது வருமானத்தின் மேல், 8.25 என்பது செலவில் ஒரு பகுதியின் மேல். எதன் மேல் வரி என்பதை முதலில் பாருங்கள். கிக்கரைப் பற்றிச் சொன்ன தோழிக்கு: அது முந்தைய ஆண்டு ஓரிகனில் வரி கட்டியவருக்குத்தான். 2023 கிக்கர் 2022-இல் கட்டிய வரியின் மேல் 44.28 விழுக்காடு, 2025 கிக்கர் 2024 வரியின் மேல் 9.863 விழுக்காடு. புதிதாகக் குடியேறுகிறவருக்கு முதல் ஆண்டில் பூஜ்யம். வரவு கணிப்பை 2 விழுக்காட்டுக்கு மேல் தாண்டினால்தான் அது உண்டு. அதை நம்பி வீட்டு பட்ஜெட் போடக் கூடாது.

கொலம்பியா ஆறு:
ரெண்டு வரியும் இல்லாத வழி ஒண்ணு இருக்கு. கொலம்பியா ஆத்துக்கு அக்கரை, வாஷிங்டன் மாநில வான்கூவர்ல வீடு எடுங்க. அங்க சம்பளத்துக்கு இன்கம் டேக்ஸ் இல்ல. பாலத்தைத் தாண்டி ஓரிகன் பக்கம் போர்ட்லேண்ட்ல கடைக்குப் போங்க, சேல்ஸ் டேக்ஸும் இல்ல.

அத்திமரம்:
அவ்வளவு தூரம் எதுக்கு? ஹில்ஸ்பரோவே வாஷிங்டன்லதானே வருது? மேப்ல அப்படித்தான் போட்டிருக்கு.

இரட்டைப்பதிவு:
@அத்திமரம், அது ஓரிகன் மாநிலத்தின் உள்ளே இருக்கும் வாஷிங்டன் கவுண்டி. பெயர்தான் அப்படி. ஹில்ஸ்பரோ, பீவர்டன் இரண்டும் ஓரிகன், முழு வருமான வரி உண்டு. அந்தக் கவுண்டியில் இருப்பதால் கிடைக்கும் ஒரே நன்மை, பக்கத்து மல்ட்னோமா கவுண்டியின் பாலர்பள்ளி வரி (2024-இல் தம்பதிக்கு 200,000-க்கு மேல் 1.5 விழுக்காடு) விழாது. மெட்ரோ என்ற போர்ட்லேண்ட் வட்டார ஆட்சியமைப்பின் 1 விழுக்காடு வரி ஹில்ஸ்பரோவுக்கும் பொருந்தும், ஆனால் அதுவும் தம்பதியின் வரிக்குரிய வருமானம் (2024 அளவில்) 200,000-ஐத் தாண்டினால்தான்.

@கொலம்பியா ஆறு, வேலை செய்யும் இடம் ஓரிகன் என்றால் எங்கே தூங்கினாலும் அந்தச் சம்பளம் ஓரிகன் வருமானம்தான். குடியில்லாதவர் ஓஆர்-40-என் படிவம் போட்டு ஓரிகனுக்கு வரி கட்டியாக வேண்டும். வாஷிங்டனில் வருமான வரி இல்லாததால் அங்கே ஈடுகட்ட எதுவும் இல்லை. வான்கூவர் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்யும் நாள்களுக்கு மட்டும்தான் ஓரிகன் வரி விழாது. வாரத்தில் 2 நாள் வீட்டிலிருந்து என்றால் வரியில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும். நாள் கணக்கை எழுதி வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். ஐந்து நாளும் அலுவலகம் என்றால் ஒரு டாலர்கூட மிச்சமில்லை, பாலத்து நெரிசல்தான் மிச்சம்.

புதுஆஃபர்:
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். கல்யாணம் ஆயிடுச்சு, ஒய்ஃபுக்கு இப்போ வேலை இல்ல, ஒரு பையன். ஹில்ஸ்பரோ 160கே, ப்ளேனோ 148கே. இப்போ நியூ ஜெர்சியில இருக்கோம். வீடு இன்னும் முடிவு பண்ணல.

ஏட்டுக்கணக்கு:
12,000 வித்தியாசத்தைச் சொல்லாமலே "எங்கே அதிகம்" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் பாதி அதுதான், தம்பி.

இரட்டைப்பதிவு:
இப்போது போடலாம். 2024 அட்டவணையை வைத்துப் போடுகிறேன். வரம்புகள் ஆண்டுதோறும் கொஞ்சம் நகரும், முடிவு பெரிதாக மாறாது.

ஓரிகன், 160,000. கூட்டாகத் தாக்கல். முதலில் மத்திய வரிக்கான கழிவு. ஓரிகனில் நீங்கள் கட்டும் மத்திய வரியில் 8,250 டாலர் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். பல கால்குலேட்டர்கள் இதை விட்டுவிடுகின்றன. மூன்றும் மூன்று விதமாகக் காட்டியதற்கு இது ஒரு காரணமாக இருக்கும், இது ஒன்றே 720 டாலர் வித்தியாசம். அடுத்து நிலையான கழிவு 5,495. மீதி 146,255. முதல் 8,600-க்கு 4.75 விழுக்காடு, 21,500 வரை 6.75, அதற்கு மேல் 8.75. மொத்தம் சுமார் 12,195. மூன்று பேருக்கு ஆளுக்கு 249 வீதம் 747 தள்ளுபடி. வரி 11,450.

இதோடு முடியவில்லை. சம்பளத் தாளில் இன்னும் இரண்டு பிடித்தம் இருக்கும்: பெய்டு லீவ் ஓரிகன் (மாநிலத்தின் ஊதிய விடுப்புத் திட்டம்) 0.6 விழுக்காடு (960), மாநிலப் போக்குவரத்து வரி 0.1 விழுக்காடு (160). ஆக 12,570.

டெக்சாஸ், 148,000. மாநில வருமான வரி 0. ஆனால் 12,000 குறைவாக வாங்குகிறீர்கள். அந்த 12,000-இல் மத்திய வரி 22 விழுக்காடும், சோஷியல் செக்யூரிட்டி மெடிகேர் 7.65 விழுக்காடும் எப்படியும் போயிருக்கும். கைக்கு வந்திருக்கக் கூடியது 8,440.

12,570-இல் 8,440 போனால் 4,130 டெக்சாஸ் பக்கம் முன்னிலை. இதிலிருந்து விற்பனை வரியைக் கழிக்க வேண்டும்.

ப்ளேனோவாசி:
சேல்ஸ் டேக்ஸைப் பெருசா காட்டாதீங்க. இட்லி அரிசி, உளுந்து, பால், காய்கறி எதுக்கும் டெக்சாஸ்ல வரி இல்ல. மருந்துக்கு இல்ல. வாடகைக்கு இல்ல. ஸ்கூல் ஃபீஸ், டாக்டர், இன்ஷூரன்ஸ் கோ-பே எதுக்கும் இல்ல.

இரட்டைப்பதிவு:
சரிதான். அதே ரசீதில் சோடாவுக்கும் சாக்லேட்டுக்கும் வரி உண்டு. வெட் கிரைண்டருக்கு உண்டு, பையன் சட்டைக்கு உண்டு (ஆகஸ்டில் பள்ளி தொடங்கும் முன் வரும் வரிவிலக்கு வார இறுதியில் 100 டாலருக்குக் குறைந்த துணிக்கு மட்டும் இல்லை), ஹோட்டல் தோசைக்கு உண்டு. நியூ ஜெர்சியில் துணிக்கு வரியே இல்லாமல் பழகியவருக்கு இது முதல் மாதமே தெரியும். மூன்று பேர் குடும்பத்தில் வரி விழும் செலவு ஆண்டுக்கு 30,000 என்று வைத்தால் 2,475. கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் மூன்று மாதத்துக்கு எடுத்து, வாடகை, மளிகை, மருத்துவம், காப்பீடு, பெட்ரோல் எல்லாம் நீக்கிவிட்டு மீதியை நான்கால் பெருக்குங்கள். உங்கள் எண் கிடைக்கும்.

ஆக வாடகை வீடு என்றால் டெக்சாஸ் 1,650 முன்னே. இன்னொன்று: 401கே-யில் 23,000 போட்டால் ஓரிகன் வரி 2,010 குறையும். டெக்சாஸில் குறைய மாநில வரியே இல்லை. அப்போது இரண்டும் சரிக்குச் சரி.

கொலம்பியா ஆறு:
அப்போ நான் சொன்ன மாதிரி வான்கூவர்ல இருந்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் போர்ட்லேண்ட் ஜான்ட்சன் பீச் கடைகள்ல டிவி, லேப்டாப் வாங்கினா போதுமே. யாரு வந்து கேக்கப் போறாங்க?

ஏட்டுக்கணக்கு:
இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓரிகனில் வாங்கி வாஷிங்டனில் பயன்படுத்தினால் யூஸ் டேக்ஸ் கட்ட வேண்டும். அதே விற்பனை வரி விகிதம்தான், வான்கூவரில் 9 விழுக்காட்டை ஒட்டி. சட்டம் இதுதான்.

கொலம்பியா ஆறு:
சட்டம் இருக்கு சார். டோஸ்டருக்கு யாரு போய்க் கட்டுறாங்க? நடைமுறையைப் பேசுங்க.

ஏட்டுக்கணக்கு:
விசாவில் இருக்கிறவருக்கும் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறவருக்கும் "யார் கேட்பார்கள்" என்று அறிவுரை சொல்லாதீர்கள். சிறு தொகைக்காக வரி ஏய்ப்பு என்ற சொல்லைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

பீவர்டன் தோழி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. சின்ன சாமானை விடுங்க, கார்ல தப்பவே முடியாது. ஓரிகன் டீலர்கிட்ட வாங்கி வான்கூவர்ல பதிவு பண்ணப் போனா, கவுன்டர்லயே யூஸ் டேக்ஸை வசூலிச்சிடுவாங்க. 35,000 கார்னா 3,000-க்குக் கிட்ட. வாஷிங்டனுக்குக் குடிவர்றதுக்கு முன்னாடி வேற மாநிலத்துல குடியிருந்து 90 நாளுக்கு மேல ஓட்டின கார்னா விலக்கு உண்டு. ஓரிகன்லயே குடியிருந்தா புது காருக்கு 0.5 விழுக்காடு பிரிவிலேஜ் டேக்ஸ் மட்டும், அதை டீலரே கட்டுவார், பெரும்பாலும் பில்லுல சேர்த்துடுவார்.

எதிர்ப்பக்கமும் ஒரு தகவல்: ஓரிகன்காரங்க வாஷிங்டன் கடையில லைசென்ஸைக் காட்டி வரியில்லாம வாங்கினது 2019 ஜூலையோட முடிஞ்சது. இப்போ முதல்ல கட்டிட்டு, அடுத்த வருஷம் மாநிலப் பங்கை மட்டும் ரீஃபண்ட் கேக்கணும், அதுவும் 25 டாலராவது இருந்தாதான்.

அத்திமரம்:
கேட்டவர் வான்கூவர் பத்திக் கேக்கவே இல்லையே. வீடு வாங்கினா என்ன ஆகும்னு யாராவது சொல்லுங்க. நானும் அதுக்குத்தான் இந்த இழையைப் பார்த்துட்டிருக்கேன்.

ப்ளேனோவாசி:
டெக்சாஸ்ல சொத்து வரி ஜாஸ்தி, அதை ஒத்துக்கறேன். ஆனா ஹோம்ஸ்டெட் கழிவு (நாமே குடியிருக்கிற சொந்த வீட்டுக்கு) இருக்கு. பள்ளி மாவட்ட வரிக்கு 2023-ல 100,000, இப்போ 140,000 கழிச்சிட்டுத்தான் போடுவாங்க. ஓட்டுநர் உரிமத்துல புது முகவரி இருக்கணும், 50-114 படிவம், ஏப்ரல் 30-க்குள்ள. மதிப்பு அதிகமா போட்டா மே 15-க்குள்ள ப்ரொடெஸ்ட் பண்ணுங்க, பக்கத்து வீடுகள் என்ன விலைக்கு வித்துச்சுன்னு எடுத்துட்டுப் போங்க.

புது காலனியில வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. ஜனவரி 1 அன்னிக்கு வீடு கட்டி முடியலன்னா, அந்த வருஷம் மனைக்கும் அதுவரை கட்டின பகுதிக்கும்தான் வரி. பேங்க் அதை வெச்சு எஸ்க்ரோ (சொத்து வரிக்காக மாசத் தவணையோட சேர்த்துப் பிடிக்கிற தொகை) போடும். அடுத்த வருஷம் முழு வீட்டுக்கும் வரி வரும், மாசத் தவணை திடீர்னு சில நூறு டாலர் ஏறும். ஏறக்குறைய எல்லாரும் இதுலதான் மாட்டுறாங்க. வாங்கும்போதே முழு மதிப்புக்கு எஸ்க்ரோ போடச் சொல்லுங்க. 'மட்' (தண்ணி, சாக்கடை வசதிக்கான மாவட்டம்) மாவட்டமான்னும் கேளுங்க, அது தனி வரி.

இரட்டைப்பதிவு:
சரியான விவரம். இப்போது இரண்டையும் சேர்ப்போம். 500,000 வீடு, மொத்த விகிதம் 2 விழுக்காடு என்று வைத்தால் 10,000. ஹோம்ஸ்டெட் கழிவால் 1,400 குறையும், 8,600. ஓரிகனில் 1997-இன் மெஷர் 50 காரணமாக மதிப்பீட்டு மதிப்பு ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது, சந்தை விலையில் சுமார் 1 விழுக்காடுதான் வரி. 550,000 வீட்டுக்கு 5,500. வித்தியாசம் 3,100. மேலே பார்த்த 1,650 முன்னிலை கரைந்து, ஓரிகன் 1,450 முன்னே வரும். 401கே-யையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

மேலும் ஷெட்யூல் ஏ-யில் (நிலையான கழிவுக்குப் பதில் செலவுகளைப் பட்டியலிட்டுக் கழிக்கும் மத்திய வரிப் படிவம்) மாநில வருமான வரி, விற்பனை வரி இரண்டில் ஒன்றைத்தான் சொத்து வரியோடு சேர்த்துக் கழிக்க முடியும். உச்சவரம்பு 2025-இல் 40,000. வீட்டுக்கடன் வட்டியோடு சேர்ந்து கூட்டு நிலையான கழிவை (2025-இல் 31,500) தாண்டினால், ஓரிகனில் கட்டிய 11,450-இல் ஒரு பகுதி மத்திய வரியில் திரும்பும். டெக்சாஸில் அந்த இடத்தில் விற்பனை வரி 2,475 மட்டுமே இருக்கும்.

உங்கள் கணக்கு நிற்பது அந்த 12,000 வித்தியாசத்திலும், வீடு வாங்குவதிலும்தான். ப்ளேனோவில் 155 கேட்டுப் பாருங்கள். 155 என்றால் வாடகை வீட்டுக்கு டெக்சாஸ் 6,500 முன்னே, 401கே முழுதாகப் போட்டாலும் 4,500 முன்னே.

ஏட்டுக்கணக்கு:
இரட்டைப்பதிவு சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன்: எந்த ஆஃபரிலாவது ஆர்எஸ்யு (சம்பளத்தோடு நிறுவனம் தரும் பங்கு) இருக்கிறதா? ஓரிகனில் வேலை செய்து ஈட்டிய பங்கு, பிறகு டெக்சாஸ் போன பின் வெஸ்ட் ஆனாலும் (உங்களுக்கே சொந்தமானாலும்), ஓரிகனில் வேலை செய்த நாள்களின் விகிதத்துக்கு ஓரிகன் வரி உண்டு.

அத்திமரம்:
இது எனக்கும் வேணும். ஆஃபர் கடிதத்துல அதை எங்க பாக்கணும்?

புதுஆஃபர்:
ப்ளேனோ 155 குடுத்துட்டாங்க. ரெண்டு வருஷம் வாடகைதான். கிளம்புறோம். எல்லாருக்கும் நன்றி.

ப்ளேனோவாசி:
வாழ்த்துகள் ப்ரோ! நியூ ஜெர்சி காரை எடுத்துட்டு வர்றீங்கன்னா விக்காதீங்க. ஏற்கெனவே உங்க பேர்ல வேற மாநிலத்துல பதிவான காருக்கு 6.25 விழுக்காடு கிடையாது, நியூ ரெசிடென்ட் டேக்ஸ் 90 டாலர்தான். வந்து 30 நாளுக்குள்ள பதிவு பண்ணிடுங்க, லைசென்ஸுக்கு 90 நாள்.